ஆவடி கேக்கா, ஜெசி கேக்கா?

போன சனிக்கிழமை மதியம். பருத்திப்பட்டில் எங்கள் கீழ் வீட்டுக் கதவை ஒருவர் அவசரமாகத் தட்டினார். வேப்பம்பட்டிலிருந்து வருகிறார். அன்று மாலை மகளுக்கு முதல் பிறந்தநாள்.

“கேக் ரெடியா அக்கா?”

கீழ் வீட்டு ஜெசிந்தா விழித்தார். எந்த கேக்?

கொஞ்சம் முன்கதை. ஜெசிந்தா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். கணவர் ஆரோக்கியத்துக்கு மண்ணூர்பேட்டையில் கம்பெனி வேலை. வெப்சைட் தொடங்கலாம் என்று முடிவானதும் வீட்டில் விவாதம்... என்ன பெயரில்?

“நெட்ல ஜனங்க இன்னா தேடுவாங்க? ஆவடி, கேக்... அதையே பேரா வெச்சுடு” என்றார் ஆரோக்கியம்.

“ஆவடியில கேக் போடறது நான் ஒருத்திதானா? என் பேரு வேணாவா?” என்றார் ஜெசிந்தா.

ஆரோக்கியம் ஜெயித்தார். ‘ஆவடி ஹோம்மேட் கேக்ஸ் டாட் காம்’. சும்மா சொல்லக்கூடாது — ஆர்டர்களும் வந்தன.

ஆனால், அதே யோசனை இன்னொருவருக்கும் வந்தால்? வந்திருக்கிறது!

வேப்பம்பட்டுக்காரர் ஏதோ விசேஷத்தில் ஜெசிந்தாவின் கேக்கைச் சாப்பிட்டு மயங்கி, வீட்டு அடையாளம் வரை கேட்டு வைத்திருக்கிறார். வெப்சைட் பெயரை மட்டும் ஞாபகத்திலிருந்து டைப் செய்ததில் ‘மேட்’ விட்டுப்போனது. ஆர்டர் அந்தப் பெயரில் இருந்த வேறு கடைக்குப் போய்விட்டது.

எப்படித் தெரிந்தது? வாசலில் நிற்கும்போதே அவருக்கு போன் வந்தது.

“சார், மண்ணூர்பேட்டையிலேர்ந்து பேசறோம். உங்க கேக் ரெடி.”

மனிதர் மிரண்டுபோய் ஜெசிந்தாவைப் பார்த்தார். “அப்போ இது யாரு ஊடு?”

இவர் மண்ணூர்பேட்டை போய்த் திரும்பி வேப்பம்பட்டு சேர்வதற்குள் குழந்தை தூங்கியே போகும். ஜெசிந்தா யோசிக்கவில்லை. மண்ணூர்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பவிருந்த கணவரை அழைத்தார்.

“வரும்போது ஒரு கேக் வாங்கிகினு வா.”

“நம்ம ஊட்டுக்கா? கேக்கா?!”

ஆரோக்கியம் ஆட்டோவில், மடியில் பெட்டியோடு வந்து இறங்கினார். திறந்தால்... வேகத்தடைகள் வேலையைக் காட்டியிருந்தன. ஒரு பக்கம் க்ரீம் சரிந்து, ‘நிலா’ என்ற குழந்தையின் பெயரில் பாதிதான் மிச்சம். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

ஜெசிந்தா ஃப்ரிட்ஜிலிருந்து க்ரீமை எடுத்தார். சரிந்த பக்கத்தைச் சீராக்கி, ஓரமாகப் பூ வைத்து, பெயரைப் புதிதாக எழுதினார். யாரோ செய்த கேக்குக்கு!

அந்த நேரம் பார்த்து வேப்பம்பட்டுக்காரருக்கு மனைவியின் போன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

“ஜெசி அக்கா ஊட்லதான் கீறேன். கேக்கோட வந்துகினே கீறேன்!”

ஆரோக்கியம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “அதாம்மா பேரு... ஜெசி ஊடு!”

எனக்குத் தோன்றியது இதுதான். முதல் தடவை தேடுகிறவருக்குப் பொருளின் பெயர் போதும். மறுபடி வருகிறவருக்கு ஆளின் பெயர் வேண்டும். ஆவடியும் கேக்கும் இப்போது வெப்சைட்டின் உள்ளே பத்திக்குப் பத்தி இருக்கின்றன. வாசலில், அதாவது வெப்சைட் பெயரில், ஜெசியின் பெயர். பழைய பெயரை அடித்தாலும் புதிய வீட்டுக்கே வந்து சேரலாம்.

நேற்று கீழே மறுபடி சத்தம். ஆங்கிலத்தில் ‘ஊடு’ என்று எழுத இரண்டு ஓவா, ஒரு யூவா?

இரண்டு பெயரையும் வாங்கிவிட்டார்கள்.