மென்னா கட்டிய பாட்டு

மென்னாவைத் தனியாகப் பாட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் வெட்கப்பட்டாள், அடம்பிடித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பாடத் தயாராகத்தான் வந்தாள். கூட வந்த இரண்டு பேர்தான் வாயை மூடத் தயாராக இல்லை.

எங்கள் மலையோர ஊரான டிரெகாரனில் மென்னாவைத் தெரியாதவர் கிடையாது. கால்நடைத் தீவனக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள். ஆட்டுக்குப் பூச்சி மருந்து, வேலிக் கம்பி, ரப்பர் பூட்ஸ் என்று எதைக் கேட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துத் தருவாள். விவசாயிகள் கடன் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாள், அதற்கே பாதிப் பேர் பர்ஸை எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆல்டோ வரிசையின் நடுவில் நிற்பாள். மெட்டைப் பாடுகிறவர்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டே போகிற குரல் ஆல்டோ. சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே நிறுத்தினார்கள். சுருதி பிசகாமல் பாடினாள், அதனாலேயே அங்கிருந்து நகர விடவில்லை. பாட்டில் தடுமாறுகிற பெண்களையெல்லாம் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்திவைப்பார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் தனியாக ஒரு வரி பாடி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. புருஷன் இயோர்வெர்த்தும் கேட்டதில்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே வாயைத் திறந்தால் அவர் சோபாவில் சாய்ந்தபடியே இன்னொரு குரலைச் சேர்த்துவிடுவார். கேட்டால் அன்பு என்பார்.

போன மாதம் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"எம்ரிஸ், உன்கிட்ட மைக் இருக்குல்ல?"

சர்ச்சுக்கு வர முடியாதவர்களுக்காக ஆராதனையைப் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. இருக்கிறது என்றேன்.

"கழுத்துல கட்டி. தைராய்டாம். ஆபரேஷன் பண்ணணும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. ஆனா சில பேருக்குக் குரல் மாறிப்போயிடுமாம், சொல்ல வேண்டியது அவங்க கடமையாம். அதுக்கு முன்னாடி என் குரல மட்டும் ஒரு தடவ எடுத்து வெச்சுக்கணும். வேற யாரு குரலும் வேணாம்."

"என்ன பாட்டு?"

"நானே கட்டினது."

கடையிலிருந்து வீட்டுக்கு மலைப் பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகிற நேரம்தான் அவள் தனியாக இருக்கிற நேரம். அங்கே கட்டிய பாட்டு. வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். 'மழை நின்றுவிட்டது, துடைப்பான் நிற்கவில்லை, வீட்டுக்கு இன்னும் ஒரு மேடு இருக்கிறது' என்று ஆரம்பம். எனக்குப் பிடித்திருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். பின்னணிக்கு வாத்தியம் வேண்டும் என்று பள்ளிக்கூடத் தோழர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். கீபோர்டு வாசிக்க டெலித், கிட்டார் வாசிக்க குவிலிம். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

குவிலிம் ஆடு வளர்க்கிறவன், சர்ச்சில் மென்னாவுக்குப் பின்வரிசையில் நின்று பாடுகிறவன், கூடவே கவிஞன். வரியின் முதல் பாதியில் வந்த மெய்யெழுத்துகள் மறுபாதியிலும் அதே வரிசையில் வராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. 'துடைப்பான்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுவதையும் தின்றான். கடைசியில் மென்னா அவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது போட்டிக்குப் போற கவிதையில்ல குவிலிம். என் காரு. என் துடைப்பான்."

அடுத்த சனிக்கிழமை பதிவு. என் பின்னறை ஜன்னலில் கம்பளிகளைத் தொங்கவிட்டேன். பக்கத்து வயலில் ஆடுகள் கத்துவது அடங்கக் காத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். மென்னா ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே டெலித் மேலே ஏறிக் கூடப் பாடினாள்.

நிறுத்தினேன். "டெலித், அவ குரல் மட்டும்."

"ஐயோ மன்னிச்சுக்கோப்பா. கை வாசிச்சா வாய் தானா தொறந்துக்குது."

மறுபடியும் அழுத்தினேன். இந்தத் தடவை டெலித் உதட்டைக் கடித்துக்கொண்டாள், குவிலிம் ஆண்களின் மேல்குரலான டெனரில் இறங்கிவிட்டான். திட்டினேன். தலையாட்டினான். அதற்கடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்தார்கள், கடைசி வரியை இழுத்து முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தும் கொண்டார்கள்.

ஆபரேஷன் விஷயம் இவர்களுக்குத் தெரியாது என்றால்கூட மன்னிக்கலாம். நன்றாகத் தெரியும். கேட்டதும் அதிகம் அழுதவளே டெலித்துதான். ஆனால் எங்கள் ஆட்கள் காதில் ஒரு மெட்டு விழுந்தால் முடிந்தது கதை. ரக்பி மைதானத்தில் பாடுவார்கள், சாவு வீட்டில் பாடுவார்கள், பஸ் வராவிட்டால் நின்ற இடத்தில் நாலு குரலில் பாடுவார்கள். ஒருவர் தனியாகப் பாடினால், ஐயோ பாவம், யாரும் துணைக்கில்லையே என்று நினைக்கிற ஜனங்கள்.

குவிலிம் வாயில் பழரொட்டியை அடைத்துப் பார்த்தேன். மூக்கால் முனகினான். வாத்தியங்களை மட்டும் தனியாகப் பதிந்துகொண்டு இரண்டு பேரையும் அடுக்களைக்கு அனுப்பினேன். சுவர் வழியாகக் குரல் வந்தது. கதவைத் திறந்தால் டெலித் டீ கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள்.

"மெதுவாத்தானேப்பா பாடினோம்!"

"வெளிய போங்க," என்று கத்தினேன். "ரெண்டு பேரும் வண்டியில போய் உக்காருங்க. கண்ணாடிய ஏத்திக்குங்க. நான் கூப்பிடற வரைக்கும் இறங்கினீங்கன்னா கொன்னுடுவேன்!"

கொட்டுகிற மழையில் முனகிக்கொண்டே போனார்கள். மென்னா தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனை அவள் காதில் மாட்டி, வாத்தியப் பதிவை ஓடவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.

பாடினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குரல் கீழேயே நின்றது, மூன்று நாலு சுரத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடப் பழக்கம், தனியாக விட்டாலும் பக்கக் குரலையே பாடுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தினேன்.

"மென்னா, ஆல்டோ வேணாம்மா. இன்னிக்காவது மெட்டப் பாடு."

அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். "மெட்டத்தான் பாடறேன்."

"இல்ல, டெலித் பாடறாளே, மேல, அந்த..."

"அது டெலித் பாடறது. மொத நாளே அவளாப் பாட ஆரம்பிச்சா. கீபோர்டுலயும் அதையே வாசிச்சு வெச்சிருக்கா. குவிலிமும் அதுக்குத்தான் சேந்து பாடறான். பாட்டு இதுதான். காரு மேட்டுல ஏறும்போது இஞ்சின் சத்தத்தோட இப்படித்தான் வரும்."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்ல?" அவள் குரல் உடைந்தது. கடையில் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க யாராவது வாய மூடினாத்தானே சொல்றதுக்கு? உனக்கே இப்ப ஆல்டோவாத்தானே கேக்குது?"

வாத்தியப் பதிவை அணைத்தேன். "சும்மா பாடு," என்றேன். "எதுவும் வேணாம்."

பாடினாள். கம்பளி தொங்கும் அந்த அறையில் அவள் குரல் மட்டும் இருந்தது. மேடு என்று வருகிற இடத்தில் ஒரே ஒரு படி மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்கியது. அதற்கு மேல் ஏற வேண்டிய தேவையே அந்தப் பாட்டுக்கு இல்லை. இத்தனை நாளும் அதன் தலைமேல் நாங்கள் ஏறி உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் தொண்டையில்கூட ஒரு பேஸ், ஆண்களின் அடிக்குரல், எழும்பியது. வெட்கத்தோடு அதை விழுங்கினேன்.

முடிந்ததும் வண்டியில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். நனைந்த கோழிகளாக வந்து நின்றார்கள். பதிவைப் போட்டேன்.

குவிலிம் தொப்பியிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே கேட்டான், "நல்லாருக்கே. யாருப்பா இது?"

டெலித் கீபோர்டைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றாள் மென்னா. "முப்பது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி நின்னு, என் சுரத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா பாடற. தெரியலயா உனக்கு?"

குவிலிம் கேலிக்குப் பெயர் போனவன். அன்று வாயில் ஒரு கேலியும் வரவில்லை. "தெரியலயே மென்னா," என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவ போடு எம்ரிஸ்," என்றான்.

போட்டேன். இந்தத் தடவை யாரும் கூடப் பாடவில்லை. பாடுவதற்கு எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாட்டு தெரியாது.