நால்வருக்கு ஒரு தாத்தா

கோவில்பட்டி வன்னியபெருமாள் மூளையைப் பற்றி ஒரு வரிகூடப் படித்தவர் அல்லர். ஆயினும், 2002 முதல் 2004 வரை இவ்வூரிலிருந்து நரம்பியல் ஆராய்ச்சிப் பயிற்சிக்குச் சென்ற விண்ணப்பங்களுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவரே. அவற்றில் பத்தொன்பதின் நகல்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். பத்தொன்பதிலும் ஒரே கிழவர், ஒரே நெல்வயல் வரப்பில், பக்கவாதம் கண்டு சாய்கிறார். பேரனோ பேத்தியோ அவர் கையைப் பற்றிக்கொண்டு, மூளையின் புதிரை அவிழ்ப்பதாக உறுதி பூணுகிறார்கள். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் கம்பும் விதைக்கும் ஊரில் அந்தப் பச்சை நெல்வயல் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

அவருடைய தொழில் வரலாறு இதை விளக்கும். 1989 முதல் அவர் தீப்பெட்டி ஆலைகளுக்கு லேபிள் வரைந்தவர். ஒரு கிளியை வரைந்தால் போதும். ஆலையின் பெயரை மட்டும் மாற்றி அதே கிளியை ஏழு ஆலைகளுக்குக் கொடுப்பார். 1998இல் கம்ப்யூட்டர் வாங்கி, பேருந்து நிலையத்துக்கு அருகே டி.டி.பி. மையம் திறந்தார். கருவி மாறியது, வழக்கம் மாறவில்லை.

பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம், மத்திய அரசின் நிதியில், முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டாண்டு நரம்பியல் பயிற்சி அளித்து வந்தது. உதவித்தொகை உண்டு, தங்குமிடமும் உண்டு. விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுத வேண்டும்: மூளையைப் படிக்க ஏன் விரும்புகிறீர்கள்? கேள்வி நியாயமானது. பதில்கள்தாம் லேபிள்கள்.

2004 ஜனவரியில் பசுவந்தனைக் கிராமத்துக் கிருஷ்ணப்ரியா கையெழுத்துப் படியோடு அந்த மையத்துக்கு வந்தாள். விலங்கியல் முதுகலையில் முதல் வகுப்பு. தந்தை மாயகிருஷ்ணன் செம்மறி மேய்ப்பவர். அவர்கள் கிடையில் சில ஆடுகள் திடீரென ஒரே பக்கமாக வட்டமிடத் தொடங்கும். மேய்ச்சலை மறந்து சுற்றிச் சுற்றியே சாகும். செத்த ஆடுகளின் மண்டையைத் திறந்து அவள் பார்த்தாள். மூளைக்குள் நீர் கோத்த பை ஒன்று இருந்தது. பதினான்கு ஆடுகளுக்கு நோட்டில் கட்டம் போட்டு, எந்தப் பக்கம் சுற்றியது, எந்தப் பக்கம் பை இருந்தது என்று குறித்தாள். பதினொன்றில் இரண்டும் ஒரே பக்கம். மூன்றில் எதிர்ப்பக்கம். அந்த மூன்றும் ஏன் என்பதே அவளுடைய கேள்வி. அதைத் தீர்க்கத் தேவையான நுண்ணோக்கியோ, அதைச் சொல்லித்தர ஆளோ இம்மாவட்டத்தில் இல்லை. அந்தப் பயிற்சி ஒன்றே வழி. இருபத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். அவளுக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது.

வன்னியபெருமாள் படித்துப் பார்த்தார்.

"என்ன தாயி, ஒரே ஆடாக் கெடக்கு?"

"அதான் அண்ணாச்சி நான் பாத்தது."

"சரி, சரி. அடிச்சு வைக்கேன். கடைசிப் பக்கத்துல கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. தபால்ல நானே சேத்திருதேன். பஸ்ஸ விட்டுராதீய."

அவள் வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்திட்டுப் பேருந்து ஏறினாள். தாளில் ஏறியது கிழவர்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். அந்த ஒரு பக்கத்தைத் தேர்வுக் குழு முதன்முதலாகப் பிரித்தது நேர்காணல் அறையில்தான். ஏப்ரல் 12 அன்று கோவில்பட்டியிலிருந்து நால்வர் போயிருந்தனர். மூன்றாவதாக உள்ளே சென்ற கிருஷ்ணப்ரியாவிடம், தமிழ் தெரிந்த உறுப்பினர் தாளை ஆட்டிக் காட்டினார்.

"காலையிலிருந்து இது மூன்றாவது தாத்தாம்மா. மூன்று பேருக்கும் ஒரே வரப்புதானா?"

அவள் தாளை வாங்கிப் படித்தாள்.

"இது நான் எழுதினதில்ல சார். எங்க தாத்தா நேத்துகூட ஆடு பத்திட்டுத்தான் போனாரு."

"கையெழுத்து?"

"அது மட்டும் என்னோடது."

பின்னர் பதினான்கு ஆடுகளைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் ஆர்வமாகக் குறிப்பெடுத்தார்; மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான்காவதாகச் சென்ற சுடலைராஜ், தான் பிறக்கும் முன்பே இறந்துபோன தாத்தாவுக்காகக் கண்ணீர் விட்டான். நால்வரில் இடம் கிடைத்தது அவனுக்கே. கிருஷ்ணப்ரியாவுக்கு வந்த கடிதத்தில் ஒரே காரணம்: விண்ணப்பத்தில் கூறியதும் நேர்காணலில் கூறியதும் முரண்படுகின்றன. மனித மூளையை ஆராயும் நிறுவனம் அது. பொய்யைத் திருத்தியவளின் பேச்சில் முரண்பாடு கண்டது. பொய்யோடு ஒத்துப் போனவனுக்கு உதவித்தொகை தந்தது. சுடலைராஜ் சேர்ந்த எட்டாம் மாதமே வங்கித் தேர்வில் தேறி, பயிற்சியை விட்டு விலகினான்.

கடிதத்தோடு அவள் மையத்துக்கு வந்தபோது வன்னியபெருமாள் சற்றும் வெட்கப்படவில்லை.

"சுடலைராஜுக்குக் கெடைச்சிருக்குல்லா? அப்ப எழுத்துல குத்தமில்ல. நீங்கதான் அங்கன போயி உண்மையச் சொல்லிக் கெடுத்துட்டீய."

"யாரக் கேட்டு மாத்துனீய அண்ணாச்சி?"

"மூளைக்குப் படிக்கப் போறவுக ஆட்டப் பத்தி எழுதுனா மாட்டாஸ்பத்திரிக்குல்லா அனுப்புவான்? உங்க நல்லதுக்குத்தான் தாயி."

மறு ஆண்டும் தட்டச்சு செய்த விண்ணப்பமே ஏற்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஊரின் மற்ற டி.டி.பி. மையங்களிலும் அதற்குள் அதே கிழவர் பிளாப்பி டிஸ்க் வழியே குடியேறியிருந்தார். எனவே அவள் புதியம்புத்தூருக்குப் போனாள். அங்கே ஓர் ஆயத்த ஆடைக் கூடத்தில் கணக்கெழுதும் தோழி சுதாராணி, மதிய உணவு வேளையில் தன் தட்டச்சுப்பொறியை விட்டுக்கொடுத்தாள்.

"ஏட்டி, ரெண்டு விரல்ல எப்பட்டி முடிக்கப் போற?"

"நாளைக்கும் வாரேன்."

மூன்று மதியங்கள் ஆயின. முதல் பத்தியில் சென்ற ஆண்டு நடந்ததை எழுதினாள். அடுத்து ஆடுகள், எண்ணிக்கை பதினேழாகியிருந்தது. பதிவுத் தபாலில் தானே சேர்த்தாள். 2005 ஜூன் 9 அன்று சேர்க்கைக் கடிதம் வந்தது. சென்ற ஆண்டு குறிப்பெடுத்தவரே இம்முறை குழுத் தலைவர். அதுவும் நிறுவனத்தின் அறிவன்று, தற்செயல்.

அவள் பெங்களூர் புறப்படுவதற்கு முதல் நாள் டி.டி.பி. மைய வாசலில் ஒரு பலகை ஏறியது: 'மூளை ஆராய்ச்சிக்கு ஆள் அனுப்பும் ஒரே மையம்.' கீழே இரண்டு பெயர்கள். சுடலைராஜ், கிருஷ்ணப்ரியா.

மறுநாள் புறப்படும் வழியில் அவள் அங்கே போய் நின்றாள்.

"எம்பேர எடுங்க அண்ணாச்சி."

"போன வருசம் நம்ம கஸ்டமர்தானே தாயி? அழிச்சா பலகை அசிங்கமாப் போகும்லா?"

அவள் பக்கத்து சைக்கிள் கடையில் மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கேட்டு வாங்கினாள். ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தாள். பெயிண்ட் முழுவதும் காயாததால் எளிதில் வந்துவிட்டது.

"இவ்வளவு கோவமா தாயி?" என்றார் கீழே நின்ற வன்னியபெருமாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லி அவள் இறங்கினாள்.