தோள்பட்டைக் கறி தேடி லப்பைக்குடிக்காட்டுக்கு

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குரும்பலூரில் பஸ் ஏறினேன். பெரம்பலூரில் வண்டி மாறி லப்பைக்குடிக்காடு போக வேண்டும். என் கணவர் சேகர் தோஹாவில் ஓர் ஓட்டலில் மாட்டுக்கறியை முழுத் துண்டாகக் கல்லில் போட்டு ஸ்டேக் சுடும் சமையல்காரராக இருந்தவர். கொதிக்கிற எண்ணெய் வலது கையில் கொட்டி, மூன்று விரல்கள் மடங்காமல் போய், ஊர் திரும்பி ஆறு மாதமாகிறது. அதன்பின் அவர் அடுப்பருகே வரவே இல்லை.

"கறி வாங்கிட்டு வரேன். நீங்கதான் ஸ்டேக் சுடணும்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

"இந்தக் கைய வெச்சிக்கிட்டா? போ புள்ள" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடுவதாக இல்லை.

எங்கள் ஊர்க் கடையில் எல்லாக் கறியையும் குழம்புக்கென்று பொடிசாக வெட்டிவிடுவார்கள். முழுத் துண்டாகக் கேட்டு வாங்க லப்பைக்குடிக்காடுதான் சரி என்று உடன் வேலை பார்ப்பவள் சொன்னாள். பெரம்பலூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும்.

எட்டு மணிக்குக் கடை முன் நின்றேன். எலும்போடு கிலோ முந்நூறு, தனிக்கறி முந்நூற்றைம்பது. முதுகெலும்பை ஒட்டிய மிருதுவான அண்டர்கட் ஐந்நூறு. ஆனால் அது தீர்ந்துவிட்டது. கல்லில் சுட முழுத் துண்டாக வேண்டும் என்றேன்.

"முழுசாவாம்மா? தோசைக்கல்லுல சுடவா? ரப்பராயிடும்மா" என்றார் கடை பாய்.

சேகருக்குப் போன் போட்டேன். "அண்டர்கட் இல்லையாம். வேற எத வாங்குறது?"

"எதையாவது வாங்கு."

"எதையாவது வாங்கவா இம்மாந்தூரம் வந்தேன்?"

அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "தோள்பட்ட எலும்பு மேல தட்டையா ஒரு சதை இருக்கும். நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு ஓடும். அத எடுத்துட்டா பூப்போல இருக்கும்... போனை பாய்கிட்ட குடு" என்றார்.

பாய் காதில் போனை இடுக்கிக்கொண்டு கத்தியை எடுத்தார். "இங்கயா? இன்னும் கீழயா? சரிங்க தம்பி." ஐந்து நிமிடம் இருவரும் பேசினார்கள். நரம்பு நீக்கிய ஒரு கிலோவை என்னிடம் நீட்டி, "மாஷா அல்லாஹ், மாட்ட நல்லா தெரிஞ்சவரும்மா" என்றார்.

பதினொன்றரைக்கு வீடு சேர்ந்தேன். சேகர் பையைப் பிரித்து, துண்டுகளைப் புரட்டிப் பார்த்து, உப்புத் தடவினார். ஒரு மணி நேரம் கழித்துத் துணியால் ஈரம் ஒற்றினார். இரும்புக் கல் புகையும்வரை காய்ந்தது. எண்ணெயை நான் ஊற்றினேன். அந்தச் சத்தத்துக்கு ஓரடி பின்வாங்கியவர், மறுபடி முன்னே வந்து இடது கையில் இடுக்கியைப் பிடித்தார். முதல் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. நான் குனியவில்லை. இரண்டாவதை எடுத்து வைத்தார். பக்கத்துக்கு மூன்று நிமிடம். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டினார்.

நான் மென்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தார்.

"ருசி நல்லா இருக்கு. கடிக்கத்தான் கொஞ்சம் அழுத்தமா இருக்குங்க" என்றேன்.

"தெரியுது. எடது கைக்கு துண்டு தடிமனா விழுது" என்றவர், சுடாத மிச்சக் கறியை மூடி வைத்தார். "நாளைக்கு மெல்லிசா வெட்டுறேன்."