இறால் சோற்றின் மேல் அன்னாசி

தள்ளுவண்டியில் சமைக்கிறவனுக்கு முன்னால் அடுப்பு, பக்கத்தில் முதலாளி, எதிரே பசி. மூன்றும் ஒரே நேரத்தில் இரையும். நின்றபடியே சட்டி கிளறிப் பழக்கப்பட்ட உங்களுக்கு இதைப் படிக்கும்போதே தோள்பட்டை வலித்தால் நான் பொறுப்பல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் போகிற சாலையோரம், செல்வம் அண்ணனின் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் நான்தான் மாஸ்டர். போர்டில் இருந்த முட்டை சோறு, சிக்கன் சோறு, நூடுல்ஸ் எல்லாம் அண்ணனுடைய கைப்பக்குவம். கடைசி வரி மட்டும் என்னுடையது: இறால் சோறு. பூண்டும் மிளகும் போட்டு இறாலைப் புரட்டி, கிண்ணத்துச் சுடுசோற்றில் கொட்டி, அதன் தலையில் பொடியாக நறுக்கிய பழத்தை வைப்பேன். சீசன் இருந்தவரை பாதி பழுத்த மாம்பழம், பிறகு அன்னாசி. அதோடு வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லி, கொஞ்சம் எலுமிச்சை, உப்பு. இறால் அண்ணனுக்குச் சம்மதம். பழம்தான் கண்ணை உறுத்தியது.

"புரட்டாசி பொறக்கறதுக்குள்ள இது ஓடணும்" என்று கெடு வைத்தார். "ஓடலைன்னா அந்த வரியை அழிச்சிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

முதல் கிண்ணம்

முதல் நாள் முதல் கிராக்கி ஓர் ஆட்டோக்காரர். வண்டியை ஓரம் கட்டி, மீட்டரைத் தூக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் பயபக்தியோடு கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார், பிறகு சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார்.

"இன்னா நைனா இது? சோறு வச்சி, இறா வச்சி, மேல பளம் வேற வெட்டி வச்சிக்கீறே? படையலா போடுறே? நான் இன்னும் உயிரோடதான் கீறேன்பா!"

வேகவில்லை என்றவர்

இறாலுக்கு நிறைய நேரம் கொடுக்கக் கூடாது. சுருண்டு சிவந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் செருப்புக் கடைக்குத்தான் அனுப்பலாம். இது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் குழம்பு கொதிக்கக் கொதிக்கப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? மாம்பலத்தில் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு சார், கையில் சாப்பாட்டுப் பையோடு என் சட்டியையே முறைத்துக்கொண்டு நின்றார். நான் இறக்கப் போனேன். "தம்பி, வேகலை" என்றார். திரும்ப அடுப்பில் வைத்தேன். மறுபடி இறக்கினேன். "எங்கப்பா வெந்துது? எனக்கு வயிறு ஆகாது, நல்லா வேகட்டும்" என்றார். சொல்லிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் நானே அடுப்பில் ஏறிவிடுவேன் போலிருந்தது. அவர் திருப்திப்படும்வரை வேகவைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிடுவதற்குள் பீச் போகிற ரயில் வந்துவிட்டது. வாயில் ஓர் இறாலை அடக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு தெளிவு இருந்தது.

"நேத்து வாயில போட்டதை கிண்டி தாண்டித்தான் முழுங்கினேன். இன்னைக்கு உன் இஷ்டத்துக்கே செய்."

கூவி விற்றது

எதிர்வண்டி பரோட்டா மாஸ்டர் கல்லில் தட்டுகிற தட்டுக்குப் பல்லாவரத்தில் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான். என் குரலோ பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் போய்ச் சேரும். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போயிருந்தது. கெடு நெருங்குகிறது, கிண்ணம் நகரவில்லை. "கூவுடா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் அண்ணன். கூவினேன். அண்ணனே "என்ன?" என்றார்.

போகிற வழியில் ஒரு காலேஜ் பையன் மட்டும் என் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ தனக்கு மட்டும் சொல்கிறேன் என்று நினைத்து, காதை நீட்டிக்கொண்டு வந்தான். அவன் பின்னாலேயே அவன் நண்பர்கள் வந்து தலையைக் குனிந்தார்கள். நாலு பேர் தலையைச் சேர்த்துக் குனிந்தால் நம் ஊரில் ஐந்தாவது ஆள் சும்மா போவானா? என்ன தகராறு, யாருக்கு அடி என்று கேட்டுக்கொண்டே கூட்டம் கூடிவிட்டது. நான் வேறு வழி தெரியாமல் வாணலியில் பூண்டைப் போட்டேன். வாசனை மிச்ச வேலையைச் செய்தது. அன்று கொண்டுவந்த இறால் அத்தனையும் தீர்ந்தது. கடைசிக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சண்டைன்னு நெனச்சுதான் ஓடி வந்தேன். பரவால்ல, இதுவும் காரமாத்தான் இருக்கு."

மேரி அக்காவின் கணக்கு

ஒருநாள் கூட்டத்தை வைத்து அண்ணன் கெடுவைத் தள்ளிவைக்கிற ஆளில்லை. அதற்கப்புறமும் வியாபாரம் ஓடியது என்று சொல்ல முடியாது, நொண்டியது. கோவளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருகிற மேரி அக்காவிடம்தான் இறால் வாங்குவோம். ஆவணிக் கடைசியில், "அக்கா, நாளையிலேர்ந்து வேணாம். புரட்டாசி" என்றேன். வரி அழியப் போகிற கதையையும் சொன்னேன். அக்கா கூடையை இறக்கி வைத்து, சும்மாட்டை உதறிக்கொண்டே சிரித்தார்.

"தவக்காலத்துல எங்காளுங்க பாதிப் பேரு தொட மாட்டாங்க, புரட்டாசில உங்காளுங்க தொட மாட்டீங்க. வருசத்துல ரெண்டு லீவு மீனுக்குத்தான் கீது, எனக்கு எவன் குடுக்குறான்?"

புரட்டாசிச் சட்டி

அண்ணனிடம் ஒரு பழக்கம். புரட்டாசி பிறந்தால் வண்டியைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கோணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கும் இன்னொரு சட்டியை எடுப்பார். அதில் முட்டைகூடப் பட்டதில்லை. கோணிக்குள் தனிக் கிண்ணங்களும் கரண்டியும் கத்தியும் உண்டு. அந்த மாதம் முழுக்கக் காய்கறிச் சோறுதான்.

முதல் சனிக்கிழமை ஈரத்துணியோடு போர்டுக்கு அருகே போனார். நான் மிச்சமிருந்த அன்னாசியைச் சும்மா நறுக்கிக்கொண்டிருந்தேன். கைக்கு வேறு வேலை வேண்டுமே. அப்போது திருநீர்மலையில் சேவித்துவிட்டு, நெற்றி நிறைய நாமத்தோடு குடும்பமாக ஒருவர் வந்தார். வாராவாரம் தனியாக வந்து இறால் சோறு சாப்பிடுகிறவர்தான். மனைவி பக்கத்தில் இருந்ததால் என்னைத் தெரியாதவர்போல் நின்றார்.

"தம்பி, அந்தக் கடைசி வரியில இருக்கறது ஒண்ணு. இறால் வேணாம்."

"சார், இறால் இல்லேன்னா வெறும் சோறும் பழமும்தான்."

"அதுக்குத்தான்யா வந்தேன்! பழம் எங்கே, இருக்குல்ல?"

அந்த அம்மா சட்டியைக் காட்டச் சொன்னார். அண்ணன் கோணியையும் சேர்த்தே காட்டினார். மிளகும் கறிவேப்பிலையும் போட்டுச் சோற்றைப் புரட்டி, அன்னாசியைக் குவித்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார். அடுத்து வந்தவர்களும் விரதக்காரர்கள்தான். அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அதையே கேட்டார்கள். இருட்டுவதற்குள் அன்னாசி தீர்ந்து, அண்ணனே மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் வாங்கி வந்தார். போர்டைத் துடைக்க எடுத்த துணியால் பலகையில் வழிந்த அன்னாசிச் சாற்றைத் துடைத்தார்.

"வரி இருக்கட்டும்டா" என்றார். "ஐப்பசி பொறந்ததும் இறாலைப் போட்டு இதைக் கெடுத்துடாதே."

ஆக, என் இறால் சோறு பிழைத்தது இறால் இல்லாததால்தான் என்ற உண்மையை மேரி அக்காவிடம் மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை.