ஏரிக்கரையில் உட்கார்ந்த ஞாயிறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நுவரெலியாவுக்குப் போகிறேன். நமுனுகுலையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து வெலிமடை வழியாக மேலே ஏறும் பஸ்ஸைப் பிடிப்பேன். அங்கே ஏரிக்கு மேலே உள்ள மேட்டில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அப்பா இருக்கிறார்.

கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த மனிதர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவள். ஒருநாள் மாலை தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா வாசல் இஸ்தோப்பில், இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து கிடந்தார். காலையில் விழுந்தவர். பக்கத்து வீடுகளில் எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்ததால் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் இல்லத்தில் இடம் கேட்டோம். அவரிடம் சொன்னபோது, நல்லதுதான் என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிறு முதல்முறையாகப் போனேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. டப்பாவில் கொண்டுபோன பொங்கல் கல்லாக இறுகியிருந்தது. சிஸ்டர் அதைச் சூடாக்கிக் கொடுத்தார். கரண்டியால் ஊட்டி முடித்ததும் டப்பாவைக் கழுவி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவே, "பஸ்ஸு போயிரும், கெளம்பு புள்ள" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். கிளம்பிவிட்டேன்.

இறங்கி வந்தால் ஏரி. வெயில் தண்ணீரில் பரவியிருந்தது. அவித்த சோளம் ஒன்று வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். யாருக்கும் சமைக்க வேண்டாம், யாருக்கும் துணி விரித்துக் காட்ட வேண்டாம். அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷமாகிவிட்டது என்று நினைத்தபோது அழுதுவிட்டேன். அழுகை அப்பாவுக்காக அல்ல.

சித்திரையில் சீசன். ஊரெங்கும் பூ, குதிரைச் சவாரி, கொழும்பு வாகனங்கள். அன்று அப்பாவுடன் இருந்ததைவிட ஏரிக்கரையில்தான் அதிக நேரம் இருந்தேன். வைகாசியில் பஸ் ஏறும்போதே மனம் ஏரியைத்தான் நினைத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா எங்கே போறீங்க என்று கேட்டார். அப்பாவைப் பார்க்க என்றேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடியில் காற்றும் மழையும். ஏரியே தெரியாதபடி மூடுபனி. வெளியே போய்ப் பயனில்லை என்று அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தே இருந்தேன். அவர் பலமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னக்கி ஏரிக்குப் போகலையா?"

நான் அவர் போர்வையைச் சரி செய்தேன்.

"இந்த ஜன்னல்ல தெரியும்" என்றார். வாய் ஒருபக்கம் கோணியதால் சொற்கள் மெல்லத்தான் வந்தன. "நீ சோளம் திம்ப. அப்பறம் சும்மா உக்காந்திருப்ப. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ போக மாட்டியே."

அவர் குரலில் குறை எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த முறை அவரையும் ஏரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அது அவருக்காகவா, என் மனச்சுமையை இறக்கி வைக்கவா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. புரட்டாசியில்தான் வெயில் வாய்த்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளிக் குல்லா மாட்டி, சிஸ்டரும் நானும் சரிவில் பிடித்துப் பிடித்து இறக்கினோம். சிஸ்டர் எங்களைத் தனியாக விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அப்பா படகுகளைப் பார்த்தார். சோளத்தை உதிர்த்து ஊட்டினேன். மெல்ல முடியவில்லை, துப்பிவிட்டார். காற்று வீசியதும் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

"வீட்டுக்குப் போவோம்" என்றார்.

நமுனுகுலைக்கு வருகிறேன் என்கிறாரே, என்ன பதில் சொல்வேன்? இஸ்தோப்பு, ஈரச் சாரம், பூட்டிக்கிடக்கும் பகல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. "எந்த வீட்டுக்குப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

அவர் நல்ல கையைத் தூக்கி மேட்டைக் காட்டினார்.

அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. வேறு பெயர் வைக்க முடியாது. பெற்ற தகப்பன் இல்லத்தை வீடென்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நாற்காலியைத் திருப்பி மேட்டில் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே அவர் தூங்கிப்போனார்.

ஐப்பசியில் வெலிமடைப் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. ரயிலில் போய் நானு ஓயாவில் இறங்கலாம், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம் என்றெல்லாம் கடையில் இருந்தவர்கள் வழி சொன்னார்கள். இல்லத்துக்குப் போன் எடுத்தேன். சிஸ்டர் அப்பாவின் காதில் போனை வைத்தார். இந்த மழையில் வர வேண்டாம், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். சரி என்றேன், உடனே.

அந்த ஞாயிறு முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். நன்றாகத்தான் தூங்கினேன்.