பெரிய பாதி

காலை ஏழு மணி இருக்கும். ஹருயோ அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தொமியேவின் மகள் மயுமி பேசினாள்.

"அம்மா விடியக்காலைல போயிட்டாங்க பெரியம்மா. தூக்கத்துலயே."

"சரிம்மா, வர்றேன்" என்று மட்டும் ஹருயோ சொன்னாள். பிறகு, களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

நகாஓகாவில் ஒரு சலவை நிலையத்தில் இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவர்கள். தொமியே காலர், ஹருயோ கை. சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்த தொமியே, மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அதற்கப்புறம்தான் தனக்கென்று ஊர் பார்க்கக் கிளம்பினாள். கோடை விடுமுறை வந்தால் மலிவு டிக்கெட்டில் இருவரும் பாசஞ்சர் ரயில் ஏறிவிடுவார்கள். கோயிலும் கோட்டையும் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. இறங்கிய ஊரில் எது வாய்க்கு ருசி என்பதுதான் கேள்வி. பிளம் ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை, முட்டை சாண்ட்விச், இனிப்புப் பயறு அடைத்த பன்.

தேர்ந்தெடுப்பவள் ஹருயோ.

"உனக்கு என்னடி வேணும்?"

"எதுவானாலும் சரிக்கா."

வாங்கியதை தொமியே இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை நீட்டுவாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு? சமமா பிட்டா என்ன?"

"வாய் அளவு பாத்துதான் பிட்டேன்க்கா."

வேண்டும் என்று முதல் கேள்வியிலேயே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும். ஹருயோ விருந்தாளிகளிடம் அப்படிக் கேட்பவள்தான். தொமியேவிடம் மட்டும் கேட்டதில்லை. அதை நெருக்கம் என்று நினைத்திருந்தாள்.

போன கோடையில் ரயிலேறிப் போன தகாஓகாவின் கடைத்தெருவில், கறியோடு பலகாரமும் பொரித்து விற்கும் ஒரு கறிக்கடை வாசலில் தொமியே நின்றுவிட்டாள். உருளைக்கிழங்கு கட்லெட் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது.

"சூடா இருக்குக்கா."

"இருக்கட்டும். தெருவுல நின்னு திங்கிற வயசா நமக்கு? பாக்கிறவங்க சிரிப்பாங்க. வேணுமா உனக்கு?"

"சே, வேண்டாம்க்கா. சும்மா பாத்தேன்."

ஹருயோ நடந்துவிட்டாள். தெருமுனையில் திரும்பியபோது தொமியே இன்னும் அந்த வாசலிலேயே இருந்தாள். கூப்பிட்டதும் ஓடிவந்தாள். ரயிலில், ஆறிப்போன சோற்றுருண்டையைப் பிட்டு, வழக்கம்போலப் பெரிய பாதியை நீட்டினாள். ஹருயோவும் வாங்கிக்கொண்டாள்.

தகனம் முடிந்து திரும்பும்போது மயுமி பக்கத்தில் வந்தாள்.

"நாப்பத்தொம்பதாம் நாள் காரியத்துல அம்மா படத்துக்கு முன்னால அவங்களுக்குப் பிடிச்சத வைக்கணும். என்ன பிடிக்கும்னு ஒருநாளும் சொன்னதில்ல. நீங்கதான் சொல்லணும் பெரியம்மா. எத்தனை ஊர் சுத்தித் தின்னிருக்கீங்க ரெண்டு பேரும்!" என்று அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள்.

பயறு பன் என்று சொல்ல ஹருயோ வாயெடுத்தாள். அது தனக்குப் பிடித்தது. சாண்ட்விச்சும் அப்படித்தான். தொமியே தானாக ஒரு கடை முன்னால் நின்றது அந்த ஒரு முறைதான். அதைச் சொன்னால், "நல்லா இருந்துச்சா? அம்மா என்ன சொன்னாங்க?" என்று மயுமி ஆசையாகக் கேட்பாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள்.

மயுமி அதற்கப்புறம் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். நாளை நாற்பத்தொன்பதாம் நாள். ஹருயோ இன்னும் பதில் சொல்லவில்லை.