முப்பத்தைந்து லிட்டர் டேங்க்கில் முப்பத்தாறரை லிட்டர்: கடலூர்–சிதம்பரம், ஒரு மே மாதப் பகல்

மாமனார் மூச்சுத்திணறலோடு சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு நாளாகப் படுத்திருந்தார். மனைவி ஜெசிந்தா அவர் கூடவே இருந்தாள். நான் கடலூரில் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் போய்வந்தேன். இது நான்காவது நடை. டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவர வேண்டும். கோயில், பிச்சாவரம் என்று தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இந்த முறை எதையும் பார்க்கவில்லை. உடம்பு முடியாதவரைச் சொந்தக் காரில் அழைத்துவரப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை 7.40-க்குக் கிளம்பினேன். தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். குடிகாடு தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினேன். அந்த வாரத்தில் இன்னொரு தடவை பங்க் வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. ஒரேயடியாக நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்ரோல் போட்ட பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பம்ப் தானாக நின்றதும் குழாயை எடுக்கப் போனார்.

"கட் ஆயிடுச்சு சார். போதும்."

"இன்னும் ஏறும்மா. கழுத்து வரைக்கும் போடு."

"ஜாஸ்தி போட்டா வண்டிக்கு நல்லதில்ல சார்."

"வண்டி என்னுதா, உன்னுதா?"

கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி ஊற்றினார். நான் பின்னால் நின்று வண்டியை வேறு குலுக்கிக் கொடுத்தேன். மீட்டரில் 36.4 லிட்டர். வண்டியோடு வந்த புத்தகத்தில் என் டேங்க்கின் கொள்ளளவு 35. அடியில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்திருக்கும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"முப்பத்தஞ்சு லிட்டர் டேங்க்குல எப்படி முப்பத்தாறரை ஏறும்? யாரை ஏமாத்துறீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மேனேஜர் ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கொண்டுவந்து, அதே பம்ப்பில் பிடித்துக் காட்டினார். கோட்டில் சரியாக நின்றது.

"புக்குல இருக்கறது, அதுவா கட் ஆவுற வரைக்கும் பிடிக்கிற அளவு சார். அதுக்கு மேல ஆவிக்குன்னு கொஞ்சம் எடம் வுட்டிருப்பாங்க. நீங்க அதையும் ரொப்பிட்டீங்க" என்றார்.

அந்தப் பெண் அடுத்த வண்டிக்குப் போயிருந்தார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இருபத்தைந்து நிமிடம் வீண். கொஞ்ச தூரத்தில் ஒரு நெடி வந்தது. தொழிற்பேட்டைப் பக்கத்து வாடை என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

9.25-க்குச் சிதம்பரம். காகிதங்கள் கைக்கு வரப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அதுவரை கார் வெயிலிலேயே நின்றது. மாமாவை ஏற்றி ஏசியைப் போட்டதும் ஜெசிந்தா முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் இப்படி அடிக்குது?"

வண்டி திக்கித் திக்கித்தான் நகர்ந்தது. கண்ணாடிகளை இறக்கினால் அனல் காற்று. மாமா இருமத் தொடங்கினார். பி.முட்லூர் வருவதற்குள் அவரால் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஓரங்கட்டி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தோம். ஜெசிந்தா இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். அவர் தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

பத்து நிமிடத்தில் மூச்சு கொஞ்சம் அடங்கியதும் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பவில்லை. டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கழுத்து வரைக்கும் அடிச்சீங்களா?"

"ஆமாம்."

"பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்கக் கரி போட்ட டப்பா ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஆவிதான் போவணும், நீங்க பெட்ரோலையே உள்ள அனுப்பிட்டீங்க. டேங்க்குல மேல நின்னது வண்டி ஓடுனதுலயே தீந்திருக்கும். ஆனா டப்பா ஊறிப்போச்சு, அதான் நாறுது, ஸ்டார்ட்டும் ஆவல."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. 900 ரூபாய்க்கு ஒரு வாடகைக் கார் பிடித்து அப்பாவோடு ஏறிப் போய்விட்டாள். நான் வெயிலில் நின்றேன். டப்பாவைத் தற்காலிகமாகக் கழற்றி, குழாயை அடைத்து, வண்டியைக் கிளப்பிக் கொடுக்க பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது. கூலி 350. புது டப்பா கடலூரில் போட்டதற்கு 4,200.

திரும்பும் வழியில் பங்க்கில் இறங்கினேன். காலை ஷிஃப்ட் முடிந்து அந்தப் பெண் போய்விட்டார். "ஏதாவது சொல்லணுமா?" என்று மேனேஜர் கேட்டார். சொல்லி அனுப்பக்கூடிய விஷயமாக அது படவில்லை. நாளைக்கு வருகிறேன் என்றேன். எழுதுகிற இன்றுவரை போகவில்லை.

போகிறவர்களுக்கு: பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாயைச் சில்லறை இல்லாமல் முழுசாக்கக்கூட அதற்குமேல் ஊற்ற வேண்டாம், வண்டியைக் குலுக்கவும் வேண்டாம். இந்தப் போய்வரும் தூரத்துக்கு என் வண்டிக்கு ஏழு லிட்டர்கூட ஆகாது. கொள்ளளவைவிட அதிகமாக மீட்டர் காட்டினால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே பெட்ரோல் வாடை வந்தால் நோயாளியை ஏற்றாதீர்கள்.

மாமா இப்போது எழுந்து நடமாடுகிறார். அடுத்த வாரம் டாக்டர் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். நேற்று சாப்பிடும்போது, "மாப்ள, நீங்க ஏன் அலையறீங்க? நானும் ஜெசிந்தாவும் பஸ்ஸுலயே போயிட்டு வந்துடறோம்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றேன்.